மஞ்சள் விளக்கின் பூர்வீகம்

எங்கள் தலைமுறை கார் ஓட்டக் கற்ற காலத்தில் மீட்டர் போர்டில் எரியும் விளக்குகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். பாட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் ஒன்று, ஆயில் பிரஷர் இல்லை என்றால் ஒன்று, ஹெட்லைட் ஹை பீமில் இருந்தால் நீலமாக ஒன்று. மற்றதையெல்லாம் காதும் மூக்கும் சொல்லிவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் கார்பரேட்டர், மிஸ்ஸிங் அடித்தால் பிளக் அல்லது பாயின்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அன்று தெருவில் சாதாரணக் காட்சி.

இப்போது என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று வந்திருக்கிறது. என் வயது நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது எரிந்த அன்று இரவு தூக்கம் கிடையாது, என்ஜினே போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு கட்சி, "வண்டிதான் நன்றாக ஓடுகிறதே" என்று ஆறு மாதமாக அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறது. இரண்டுமே சரியில்லை என்பது என் எண்ணம். அந்த விளக்கு எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது என்று தெரிந்தால் அதை எப்படிப் பார்ப்பது என்பதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் எடுத்தவன் என்பதால் எனக்கு இதில் கூடுதல் ருசி. இந்தக் கதை தொடங்குவது ஒர்க்‌ஷாப்பில் இல்லை, ஒரு வேதியியலாளரிடம்.

1943 ஜூலை மாதக் கடைசி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு நாள் பட்டப்பகலில் பழுப்பு நிறப் புகைமூட்டம் இறங்கியது. கண் எரிச்சல், தொண்டைக் கமறல், சில தெருக்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஜப்பான்காரன் விஷ வாயு போட்டுவிட்டான் என்றுகூடச் சிலர் பயந்தார்களாம். பிறகு செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீன் தயாரித்த ஒரு தொழிற்சாலை மேல் பழி விழுந்தது. அதைச் சில நாள் மூடியும் பார்த்தார்கள். புகைமூட்டம் போகவில்லை. வீட்டுக் கொல்லையில் குப்பை எரிப்பதைச் சொன்னார்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் கண்ணை எரிக்கும் அந்தச் சரக்கு எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. லண்டன் புகை என்றால் நிலக்கரி, கந்தகம். இந்த ஊரிலோ நல்ல வெயில் அடிக்கிற நாளில்தான் மூட்டம் அதிகமாக இருந்தது.

அங்கே பக்கத்திலுள்ள பாசடீனாவில், கால்டெக் என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ஹாலந்துக்காரர் பேராசிரியராக இருந்தார். அவர் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி அன்னாசிப் பழ வாசனை பற்றியது. டன் கணக்கில் பழத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து வரும் ஆவியைக் குளிரவைத்துத் துளித்துளியாகப் பிடித்து, எந்தப் பொருளால் அந்த மணம் வருகிறது என்று பார்ப்பது அவர் வேலை. 1940களின் கடைசியில் அதே கருவியில் பழத்துக்குப் பதிலாக வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்தார். பழுப்பு நிறத்தில் நாற்றமடிக்கும் சில துளிகள் கிடைத்தன. அதில் இருந்தவை பெட்ரோல் வகை ஹைட்ரோகார்பன்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து உண்டான பொருள்கள்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். கார்களின் சைலன்சரிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் கூடி வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன. மேலே வானத்தில் இருந்தால் நம்மைக் காக்கிற அதே ஓசோன், மூக்குக்கு நேராக இருந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும். மலைகள் சூழ்ந்த ஊர், காற்று நகராது, வெயிலுக்குக் குறைவில்லை, லட்சக்கணக்கான கார்கள். பிறகு என்ன வேண்டும்? ஓசோன் ரப்பரை வெடிக்கவைக்கும் என்பதால், வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டில் எத்தனை நேரத்தில் வெடிப்பு விழுகிறது என்று பார்த்தே அவர் காற்றில் ஓசோன் அளவைக் கணக்கிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் செய்த அந்தச் சோதனையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பையன்கள் ரசித்தார்களோ இல்லையோ, நான் ரசித்தேன்.

எண்ணெய்த் தொழில் பணத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. சாதுவான பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. அன்னாசிக்குத் திரும்பிப் போகவேண்டியவர் மறுபடி சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து, கார்ப் புகையை வைத்தே ஓசோன் உண்டாவதைக் காட்டினார். 1952இல் அவர் எழுதிய கட்டுரை வெளியானது. 1967இல் கலிபோர்னியா தனக்கென்று காற்று வள வாரியம் ஒன்றை அமைத்து அவரையே முதல் தலைவராக்கியது. சட்டத்தில் கையெழுத்திட்ட கவர்னர், பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்.

இதற்கப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1970இல் அமெரிக்கா முழுமைக்கும் தூய காற்றுச் சட்டம் வந்தது. காரிலிருந்து வரும் நச்சுப் புகையை 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்றது. முடியவே முடியாது என்றார்கள் கம்பெனிக்காரர்கள். 1975 மாடல் கார்களில் கேடலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. சைலன்சர் குழாயில் பிளாட்டினம் வகை உலோகம் பூசிய தேன்கூடு போன்ற ஒரு அடைப்பு. ஈயம் அதற்கு விஷம் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது.

அடுத்த சிக்கலில்தான் நம் மஞ்சள் விளக்கு பிறக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கும் எரியாத பெட்ரோலுக்கும் ஆக்சிஜனைச் சேர்க்கவேண்டும். நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை எடுக்கவேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு வேலையையும் ஒரே கன்வெர்ட்டர் செய்ய வேண்டுமானால், என்ஜினுக்குள் போகும் கலவை 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிலோ காற்று என்ற அளவை ஒட்டியே இருக்கவேண்டும். கொஞ்சம் தள்ளினாலும் ஒரு வேலை நடக்கும், மற்றது நடக்காது. திருப்புளியால் திருகி வைக்கும் கார்பரேட்டரால் அந்த நுணுக்கம் ஆகாது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் ஆக்சிஜன் சென்சார் ஒன்றைச் செய்தது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று மின்சாரம் தரும் சிர்கோனியா பீங்கான் அது. 1976இல் அமெரிக்காவுக்குப் போன வோல்வோ கார்களில் முதலில் வந்தது. சென்சார் சொல்வதைக் கேட்டு நொடிக்கு நொடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் வந்தது.

சரி, அந்த சென்சார் கெட்டுப்போனால்? வண்டி பெரும்பாலும் ஓடும். ஓட்டுகிறவருக்கு மைலேஜ் கொஞ்சம் குறையலாம், அதுவும் தெரியாமலே போகலாம். கன்வெர்ட்டர் செத்தாலும் அப்படித்தான். நஷ்டம் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை, பின்னால் சைக்கிளில் வருகிறவரின் மூச்சுக்கு. கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத கோளாறை யாராவது சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் விளக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1981 மாடல் கார்களில் பரவலாகக் கம்ப்யூட்டரை வைத்தபோது "செக் என்ஜின்" என்ற எழுத்தும் மீட்டர் போர்டில் ஏறியது. பேர் என்ஜினைச் சொல்கிறது, அது காவல் காப்பது புகையை. இந்தப் பெயர்க் குழப்பத்தால் உலகம் முழுக்க எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் ஏறியதோ!

அந்தக் காலத்து விளக்கோடு பேசும் முறை வேடிக்கையானது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இரண்டு துளைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் விளக்கு சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியில் முதலில் 12 வந்தால், கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்று பொருள். அதற்கப்புறம் வருவது கோளாறு எண். கிறைஸ்லரில் கிளிப்பே வேண்டாம், சாவியை ஐந்து விநாடிக்குள் போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து, போடவேண்டும். ஹோண்டாவில் நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் சுலபமாகப் படித்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி சாக்கெட், தனி பாஷை. கலிபோர்னியா 1988 மாடலிலிருந்து இந்தத் தற்சோதனையைக் கட்டாயமாக்கியும் பாஷைக் குழப்பம் தீரவில்லை. கம்பெனிக் கருவி இல்லாத தெருவோர மெக்கானிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் 1990. தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. கார் தன் புகைக் கோளாறைச் சொல்லும் சாக்கெட் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும். கம்பெனியிடம் மட்டும் கிடைக்கிற ரகசிய எண்ணோ கருவியோ தேவைப்படக் கூடாது. பழுது பார்க்கிற எவருக்கும் தகவலைத் தரவேண்டும். காற்று பொதுச்சொத்து, ஆகவே அதைக் கெடுக்கும் கோளாறு பற்றிய செய்தியும் பொதுச்சொத்து என்கிற நியாயம்தான். 1996 மாடலிலிருந்து அங்கே விற்ற எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி 16 முள் சாக்கெட், ஒரே மாதிரி எண்கள். பி0300 என்றால் எந்த கம்பெனிக் காரானாலும் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. புகை, அனுமதித்த அளவைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டும்படியான கோளாறு என்றால் விளக்கு எரியவேண்டும் என்பது பொதுவான கணக்கு. இன்று ஒரு சாதாரண மெக்கானிக்கின் சட்டைப்பையில் தீப்பெட்டி அளவு புளூடூத் ஸ்கேனர் இருக்கிறதே, அது அந்த ஒரு பிரிவின் பேரப்பிள்ளை.

விளக்கை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2013 வாக்கில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று, டீசல் கார்களின் டிக்கியில் கருவியை வைத்துக்கொண்டு நிஜமான சாலையில் ஓட்டிப் புகையை அளந்தது. ஓட்டிய இடங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியும் ஒன்று. குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று நம் பக்கத்துப் பெயர்களும் இருந்தன. ஃபோக்ஸ்வாகன் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்ததைப் போலப் பல மடங்கு வந்தது. சோதனைச் சாலையில் ஓடுகிறோம் என்று தெரிந்தால் ஒழுங்காகவும், வெளியே வந்தால் இஷ்டத்துக்கும் ஓடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 2015 செப்டம்பரில் விஷயம் வெடித்தது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி வண்டிகள். அத்தனை புகை விட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. எதைத் தப்பு என்று சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்களே ஏமாற்றுகிறவர்களாக இருந்தால் விளக்கு என்ன செய்யும்?

நம் நாட்டுக்கு இது தவணை தவணையாக வந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோலும், புதுக் கார்களுக்குக் கேடலிடிக் கன்வெர்ட்டரும். 1999இல் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதிக்கு யூரோ விதிகளை அவசரமாகக் கொண்டுவரச் செய்தது. கார்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. என்ற மூன்றாண்டுக்குள் வீட்டுச்சொல் ஆகிவிட்ட எழுத்துகள் வந்தன. பி.எஸ்.4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் தற்சோதனையின் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். 2020இல் பி.எஸ்.6 வந்தபோது ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்கூட மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. பெட்ரோல் மூடியைச் சரியாக மூடாவிட்டால் விளக்கு எரியும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது அமெரிக்க வண்டிக்கு உண்மை. நம் விதிகள் ஐரோப்பாவைப் பார்த்து எழுதியவை, டேங்க் ஆவிக் கசிவைச் சோதிக்கும் கட்டாயம் அதில் இல்லை. ஆகவே இங்கே பெரும்பாலான வண்டிகளில் மூடியைத் திருகி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்னிடம் இருப்பது 2013 கடைசியில் வாங்கிய பெட்ரோல் கார். பென்ஷன்காரனின் வண்டி, மாதம் 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். சென்ற வருடம் விளக்கு எரிய ஆரம்பித்தது. விட்டுவிட்டு மின்னாமல், ஒரே சீராக. இது முக்கியம். மின்னினால் பிளக்கில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வண்டியை ஓரம் கட்டுவதே நல்லது. சிவப்பு விளக்கு என்றால் கேட்கவே வேண்டாம், உடனே நிறுத்தவேண்டும். சீரான மஞ்சள் என்றால் பதற்றமில்லாமல் இரண்டு நாளில் பார்க்கலாம்.

பளபளப்பான ஒரு பணிமனையில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0171 என்று வந்தது. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்றவேண்டும், கன்வெர்ட்டரும் போயிருக்கலாம் என்று 31,000 ரூபாய்க்கு மதிப்பீட்டுத் தாள் தந்தார்கள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பால்பண்ணைப் பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். என்னிடம் பிளஸ் டூ படித்தவர்.

"சார், சென்சார் பொய் சொல்லலை. காத்து அதிகமா இருக்குன்னு சொல்லுது. அதை ஏன் சார் மாத்தணும்? காத்து எங்கேருந்து வருதுன்னுதானே பார்க்கணும்?" என்றார்.

எண்ணை அழிக்கவில்லை. முதலில் பாட்டரியை அளந்தார். பழைய வண்டியில் பாட்டரி தளர்ந்தால் கம்ப்யூட்டர் வேண்டாததையெல்லாம் உளறும். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு செல்போனில் ஒரு எண்ணைக் காட்டினார். கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்பது அது. ஐடிலிங்கில் 22. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 சுற்றுக்குக் கொண்டுபோனதும் 6க்கு இறங்கியது.

"பாருங்க சார், பெட்ரோல் பம்ப் வீக்குன்னா மிதிக்க மிதிக்க இது ஏறணும். இது இறங்குது. எங்கேயோ ஓட்டை இருக்கு."

வாத்தியாருக்கே வகுப்பு எடுத்துவிட்டார். என் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் வாயிலிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு ஓட்டை வழியே நுழையும் காற்று கணக்கில் வராது. ஐடிலிங்கில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்று பெரும்பங்கு. வேகமாக ஓடும்போது அதே ஓட்டை கடலில் கரைத்த பெருங்காயம். காற்றை நேரடியாக அளக்காமல் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், அதையும் சொன்னார்.

ஓடுகிற என்ஜினில் ஹோஸ்களின் மேல் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டே வந்தார். தீப்பற்றும் சரக்கு, நாம் வீட்டில் முயலக் கூடாது. ஒரு இடத்தில் அடித்ததும் என்ஜின் சத்தம் மாறியது. என்ஜின் அடிப்பகுதியில் கசியும் புகையை மறுபடி உள்ளேயே இழுத்து எரிக்கும் குழாயின் முழங்கை போன்ற ரப்பர். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கழற்றி அடிப்பக்கம் வளைத்தால் வரிவரியாக வெடிப்பு. பதினோரு வருட வெப்பம், எண்ணெய் ஆவி, காற்று. கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்தில் கார்களுக்குப் பூட்டிய முதல் புகைத்தடுப்பு ஏற்பாடே இந்தக் குழாய்தான். வெடித்த ரப்பரைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஹாகன்-ஸ்மிட்டின் ரப்பர் துண்டுகள் ஞாபகம் வந்தன. சொன்னேன். "அப்படியா சார்" என்று கேட்டுக்கொண்டே அவர் புது ஹோஸை மாட்டினார். ஹோஸ் 180 ரூபாய், கூலி 300.

எண்கள் ஐடிலிங்கில் 4க்கு வந்துவிட்டன. விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அணைத்துவிடலாம், வேண்டாம் என்றார். அணைத்தால் கம்ப்யூட்டர் கற்று வைத்திருப்பதும் சேர்ந்து அழியும், வேலை சரியாக முடிந்ததா என்பதும் தெரியாது. அடுத்தடுத்து மூன்று ஓட்டத்தில் கோளாறு தென்படவில்லை என்றால் தானாகவே அணையும் என்றார். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு யோசனை சொன்னார். சாவியை முதல் திருப்புத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைகிறதா என்று பார்க்கவேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கிவிட்டு விற்கிறார்கள்.

மறுநாள் காய்கறி வாங்க உறையூர் போய் வந்தேன். அதற்கு மறுநாள் பேத்தியைப் பாட்டு வகுப்பில் விட்டு வந்தேன். மூன்றாம் நாள் திருவானைக்காவல் வரை போனேன். நான்காம் நாள் வண்டியை எடுத்தபோது மீட்டர் போர்டில் மஞ்சள் இல்லை.